சும்மா இருந்த நாற்பத்திரண்டு பேர்

திண்டிவனத்தில் அந்தக் காலத்தில் நிலக்கடலை மில், எங்கள் பேச்சில் மல்லாட்டை மில், வைத்திருந்தவர்கள் பலர். மல்லாட்டையைத் தெரிந்தவர் ஒரே ஆள்தான். அது ராஜாமணி.

பெருமைக்காகச் சொல்வதல்ல, பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நாலு காயை அள்ளிக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். "ஈரம் கீது, இன்னும் ரெண்டு நாள் வெயில் வேணும்" என்பாள். மெட்ராஸ் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வருகிற ஆட்கள் கண்ணாடிக் குழாயும் குட்டித் தராசும் வைத்து அரை நாள் பார்த்துவிட்டு அதையேதான் சொல்வார்கள். என்ன, இங்கிலீஷில் சொல்வார்கள். தோலைத் தடவிப் பார்த்தே இது மயிலத்துச் செம்மண், இது முகையூர்ப் பக்கத்துக் காய் என்று பிரித்துவிடுவாள். இதற்கெல்லாம் அவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள். மேலே படித்திருந்தால் கெட்டுப்போயிருப்பாள்.

யுத்த காலத்தில் கல்யாணமாகி வந்தாள். வந்த இரண்டாம் மாதமே மில்லில் தோல் கூட்டப் போனாள். கூட்டுகிறவள் முறம் பிடித்தாள்; முறம் பிடித்தவள் பொறுக்கலுக்கு வந்தாள். பொறுக்கல் என்றால் உடைத்த மல்லாட்டையில் இருக்கிற சொத்தை, சுருங்கல், கல் எல்லாவற்றையும் கையால் எடுத்து எறிவது. கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஒரு நொடிகூட இருக்கக்கூடாத வேலை அது. ஐம்பத்திரண்டாம் வருஷத்துக்குள் அவளோடு சேர்த்து மில்லில் நாற்பத்திரண்டு பெண்கள். மற்ற நாற்பத்தொரு பேரும் அவள் ஒரு சத்தம் போட்டால் வாயில் வைத்த வெற்றிலையைக்கூட மெல்ல மாட்டார்கள்.

ஆனால் அவளுக்குப் பதவி கிடையாது. ஆண்களுக்கு மேஸ்திரி பெரியதம்பி. அவருக்கு நாற்காலி உண்டு, விசிறி உண்டு, மத்தியானத் தூக்கம் உண்டு. பெண்களுக்கு ஒரு பெண்ணை மேஸ்திரி என்று போட்டால் பக்கத்து மில்காரர்கள் சிரிப்பார்களாம். அதனால் மேனேஜர் சீனுவாசன் அவளை "அந்த அம்மா" என்றே சொல்லி வந்தார். "அந்த அம்மாவைக் கேட்டீங்களா?" "அந்த அம்மா பாக்காம லாரியில ஒரு மூட்டை ஏறக்கூடாது." மில்லே அந்த அம்மாவின் காதில்தான் ஓடியது.

ராஜாமணியின் புருஷன் கோதண்டபாணி நல்ல மனிதர். அவருக்குத் தொழில் வியாபாரம். ஐம்பத்து மூன்றாம் வருஷத்தில் இரண்டு ஆடு வாங்கினார். ஒன்று செத்துப்போயிற்று, ஒன்று ஓடிப்போயிற்று. அன்றிலிருந்து அவர் வியாபாரி. காலையில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய், எந்த ஊரில் என்ன விலை விற்கிறது என்று விசாரித்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுவார். கூட்டேரிப்பட்டு அப்பாதுரை வாத்தியாரோடு சம்பந்தம் பேசியதும் அதே டீக்கடையில்தான்.

அப்பாதுரை திண்டிவனத்தில் ஒரு தொடக்கப்பள்ளிக்குப் பஸ்ஸில் வந்துபோகிறவர். அவர் மகன் நடராசன் விழுப்புரத்தில் மின்சார ஆபீசில் வேலை, நிரந்தரம். ராஜாமணியின் மகள் கிருஷ்ணவேணி எட்டாவது பாஸ். பையனைப் பார்த்ததும் பெண் சரியென்று தலையை ஆட்டியது ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ராஜாமணி எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். அந்த மூன்று தடவைக்காக அவள் எதையும் செய்யத் தயாராக இருந்தாள்.

ஆனால் வாத்தியார் ஒரு நிபந்தனை வைத்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, கேசரியை வாயில் போட்டுக்கொண்டே வைத்தார்.

"எங்க குடும்பத்துல பொம்பளைங்க வெளி வேலைக்குப் போனது கிடையாதுங்க. சம்பந்தி வீடும் அந்த மாதிரி இருந்தாத்தான் ஒட்டும்."

"அதுக்கு இன்னா சார், எங்க வீட்லயும் சும்மாதான் கீறா" என்றார் கோதண்டபாணி.

சும்மா இருக்கிறவள் அன்றைக்கு மில்லுக்கு ஜுரம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள் இல்லாத அந்த ஒரு நாளில் கல்லோடு ஒரு லாரி போய், மெட்ராஸிலிருந்து திரும்பி வந்தது. அது வேறு கதை. மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாளும் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு சம்பந்தியம்மாக்களும் அன்றைக்குக் கையைப் புடவைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

இது தை மாதம். பங்குனி பிறப்பதற்குள் நிச்சயம் செய்துவிடுவதென்று பேச்சு. நடுவில் அரசாங்கம் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப் புறப்பட்டது. அறுபத்தொன்றாம் வருஷக் கணக்கு. ஆளுக்கொரு சீட்டு, பெயர், வயசு, படிப்பு, என்ன வேலை என்று எல்லாம் எழுத வேண்டும். எழுதுகிறவர்கள் வாத்தியார்கள். மில்லுக்குப் பின்னால், ராஜாமணியும் மற்ற மில் பெண்களும் குடியிருந்த தெரு யாருக்கு விழுந்தது? அப்பாதுரை வாத்தியாருக்கு.

அவர் முறைப்படி நடக்கிறவர். தோளில் பை, காதில் பென்சில், கையில் பேனா. முதல் வீட்டில் ஒரு பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க மருமக என்ன வேலை பண்றாங்க?"

"வேலையா? ஒண்ணுமில்ல சார். வீட்லதான் கீறா."

"கூப்பிடுங்க, வயசு கேட்டுக்கறேன்."

"இப்ப எப்படி சார் வருவா? மில்லுக்குல்ல போய்க்கீறா."

"அப்ப வேலைக்குப் போறாங்களா?"

"சேச்சே! எங்க வீட்டுப் பொம்பளைய வேலைக்கு அனுப்புவமா? சும்மா காலையில மில்லுக்குப் போவா, பொழுது சாய வருவா. அவ்ளோதான்."

வாத்தியார் யோசித்தார். பேனாவை உதறினார். "வேலை இல்லை" என்று எழுதினார். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதற்கடுத்த வீட்டிலும் அதே. ஒரு வீட்டில் புருஷன் சோறு வடித்துக்கொண்டிருந்தார். அவரும் தன் பெண்சாதி வீட்டோடுதான் இருப்பதாகச் சொன்னார், வடிகஞ்சி ஆவியில் முகம் தெரியவில்லை. வீரம்மாள் புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். அவளுக்காகப் பக்கத்து வீட்டுக் கொழுந்தன் வந்து "அண்ணி சும்மாதான் இருக்காங்க" என்று கௌரவத்தைக் காப்பாற்றினான். பதினோரு மணிக்குள் அந்தத் தெருவில் வயசு வந்த பெண் ஒருத்தியைக்கூடக் கண்ணால் பார்க்காமல், அத்தனை பேரும் வீட்டோடு இருக்கிறார்கள் என்று வாத்தியார் எழுதி முடித்துவிட்டார். படிப்பு என்றால் சும்மாவா!

கடைசி வீட்டில் கோதண்டபாணி வாசலிலேயே காத்திருந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க! எழுதிக்கோங்க. நான் வியாபாரம். அவ சும்மா."

"சம்பந்தியம்மாவக் கூப்பிடுங்க, ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போறேன்."

"கோயிலுக்குப் போய்க்கீறா."

"இந்நேரத்துலயா? நடை சாத்தியிருப்பாங்களே."

"சாத்தினா இன்னா சார், திறக்கிற வரைக்கும் சுத்திக்கினு இருப்பா. பக்தி ஜாஸ்தி."

வாத்தியாருக்கு மனம் குளிர்ந்தது. வேலைக்குப் போகாதவள், அதோடு பக்தி வேறு. ராஜாமணி, வயது முப்பத்தெட்டு, வேலை இல்லை. சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மில் களத்தில் இரவு தங்குகிற காவல்காரனையும் லோடு ஏற்றுகிறவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டுமென்று உத்தரவு. அதனால் வாத்தியார் அப்படியே மில்லுக்குள் நுழைந்தார். மில் வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே மலை மலையாக உடைத்த மல்லாட்டை. மலையைச் சுற்றி, அவர் காலையிலிருந்து வீடு வீடாக எழுதிய அத்தனை பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூட்டை அடுக்கின் மேல் ஏறி நின்று, முந்தானையை இடுப்பில் செருகி, தலையெல்லாம் தோல் தூசியோடு ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்.

"பெரியதம்பி அண்ணே! அந்த நாலு மூட்டைய எறக்கு! எறக்குன்னா எறக்கு! ஈரத்த ஏத்தி அனுப்பிட்டு அப்புறம் யாரு பேஜாரு படறது? ஏ காந்திமதி, வாயில இன்னாடி? பொறுக்கச் சொன்னா தின்னுகினு கீற!"

"பசிக்குதுக்கா."

"சொத்தையத் தின்னு!"

பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு அடங்கியது. ராஜாமணி திரும்பிப் பார்த்தாள். கீழே சம்பந்தி நின்றுகொண்டிருந்தார்.

"கோயிலுக்குப் போயிருக்கறதா சொன்னாங்க" என்றார் அப்பாதுரை.

ராஜாமணி மூட்டையிலிருந்து இறங்கினாள். பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளுக்குக் கால் தடுக்கியது.

வாத்தியார் அவளைத் தோல் குவியலின் மறைவுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கெட்டவர் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். "பாருங்கம்மா. நான் எதையும் பாக்கல. சீட்டுல வேலை இல்லைன்னு எழுதியிருக்கேன், அது அப்படியே இருக்கட்டும். நாளையிலேர்ந்து நீங்க இங்க வராதீங்க. எழுதினதும் பொய்யாகாது, சம்பந்தமும் நிக்கும். என்ன சொல்றீங்க?"

கிருஷ்ணவேணி மூன்று தடவை ஆட்டிய தலை ராஜாமணியின் கண்ணில் நின்றது. ஒரு தலையாட்டுக்கு ஆறு வருஷம் என்று வைத்துக்கொண்டாலும் பதினெட்டு வருஷ மில் வேலையை விட்டுவிடலாம், தப்பில்லை. சரியென்று சொல்ல வாய் திறந்தேவிட்டாள்.

அதற்குள் வீரம்மாள் எழுந்து வந்துவிட்டாள். மறைவில் பேசுவதைக் கேட்பதில் அந்த மில்லில் அவளுக்கு நிகர் கிடையாது.

"வாத்தியாரய்யா, எனக்கு இன்னா எழுதினீங்க?"

"வேலை இல்லைன்னு."

"யாரு சொன்னது?"

"உங்க கொழுந்தன்."

"அந்தத் துடைப்பக்கட்டையா? மூணு பிள்ளைக்கும் கேப்பைக் கூழு அவனா ஊத்தறான்? யக்கா, கேட்டியா? நான் சும்மா இருக்கறனாம்!"

"எனக்கு?" என்றது ஒரு குரல். "எனக்கு?" என்றது இன்னொன்று. களமே எழுந்து நின்றது. வாத்தியார் ஒவ்வொருத்தி பெயரையும் சொல்லச் சொல்லி, சீட்டைப் பார்த்துப் பார்த்து, "வேலை இல்லை, வேலை இல்லை" என்று படித்தார். நாற்பத்திரண்டு பேர். படிக்கப் படிக்க அவர் குரலே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

ராஜாமணி குவியலைப் பார்த்தாள். சீட்டுக் கட்டைப் பார்த்தாள். தன் ஒருத்தி சீட்டாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அவள் வேலையே, கலந்து கிடப்பதைப் பிரித்துப் போடுவது. கண் முன்னால் நாற்பத்திரண்டு சொத்தையைக் கட்டி அனுப்ப அவளால் முடியவில்லை.

"வாத்தியாரய்யா, போன மாசம் வீட்டுக்கு நம்பர் போட்டப்ப மில்லுலயும் வந்து கேட்டுக்கினு போனாங்களே. எத்தினி பொம்பளைங்க வேலை செய்றாங்கன்னு நம்ம மேனேஜரய்யா இன்னா சொன்னாரு?"

சீனுவாசன் ஆபீஸ் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "நாற்பத்திரண்டு."

"அந்தக் காகிதத்துல நாற்பத்திரண்டு. உங்க காகிதத்துல ஒண்ணுமில்ல. ரெண்டையும் ஒரு ஆளு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா யாருக்குப் பேஜாரு?"

அப்பாதுரைக்கு வேர்த்தது. மறுநாள் தாலுகா ஆபீசிலிருந்து மேற்பார்வைக்காரர் வருகிறார். "என்னம்மா பண்றது இப்போ?"

"அடிச்சுட்டு எழுதுங்க. மொதல்ல என்னுது."

"அப்ப சம்பந்தம்?"

"அத நான் அடிக்கச் சொல்லலியே." ராஜாமணி தொடர்ந்து கேட்டாள்: "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. உங்க வீட்ல சம்பந்தியம்மாவுக்கு இன்னா எழுதினாங்க?"

"அது வேற வாத்தியார் வந்தாரு. நான்தான் சொன்னேன், வேலை இல்லைன்னு."

"எருமை எத்தினி?"

"நாலு."

"பால் யாரு கறக்கறது?"

"அவதான்."

"உங்க ஊரு கூட்டு ரோட்டு டீக்கடைக்கெல்லாம் யாரு ஊத்தறது?"

"அது... விடியக்காலையில இருட்டோட போய் ஊத்திட்டு வந்துடுவா. யாரும் பாக்க மாட்டாங்க."

"நான் பாத்தனே. அன்னைக்கு வெத்தலை மாத்தறப்ப, எவ்ளோ மறைச்சும் கை தெரிஞ்சுது. கட்டை விரல் கணு தடிச்சுக் கெடந்துது. ஒரு வேளை ரெண்டு வேளை கறந்த கையில்ல அது."

வாத்தியார் பேனாவைத் திறந்தார்.

"ராஜாமணி. வேலை?"

"மில் மேஸ்திரி."

"ஏ! ஏ!" என்று சீனுவாசன் ஜன்னலிலிருந்து வெளியே ஓடிவராத குறை. "மேஸ்திரின்னெல்லாம் எழுதாதீங்க சார். அப்புறம் நாற்காலி கேப்பாங்க. கூலின்னு எழுதுங்க, போதும்."

"சரிங்க மேனேஜரய்யா" என்றாள் ராஜாமணி. "அப்ப வாசல்ல நிக்கற லாரிய பெரியதம்பி அண்ணன் பாத்து அனுப்பட்டும். கூலிக்காரிக்கு ஈரம், காய்ச்சல் இன்னா தெரியும்?"

பெரியதம்பி விசிறியை மடியில் வைத்துக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் லாரியைப் பார்த்தார்.

"எழுதுங்க சார்" என்றார் சீனுவாசன். "ஜல்தி எழுதிட்டு விடுங்க."

மேஸ்திரி என்று எழுதப்பட்டது. பிறகு ராஜாமணி தன் ஆட்களை வரிசையில் உட்காரவைத்தாள். பத்துப் பேர் எழுந்து போனால் மற்றவர்கள் வேலையை விடாமல் பார்க்க வேண்டும், யாரும் குவியலை விட்டு மொத்தமாக எழக்கூடாது என்று முறை போட்டாள். மூன்று மணிக்குள் சீட்டும் முடிந்தது, லாரியும் போயிற்று. தாசில்தாரே வந்திருந்தாலும் அவ்வளவு ஒழுங்காக எடுத்திருக்க முடியாது. அப்பாதுரை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்லி அனுப்பறேன்" என்றார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் கோதண்டபாணி குதித்தார். "ஒரு எழுத்து! ஒரே ஒரு எழுத்துக்காகப் பொண்ணு வாழ்க்கையத் தொலைச்சுட்டியே!" கிருஷ்ணவேணி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அது கோதண்டபாணி குதித்ததைவிட மோசம். ராஜாமணி பத்து நாள் மில்லில் யாரையும் திட்டவில்லை. நாற்பத்தொரு பேரும் பயந்துபோனார்கள்.

மார்ச் மாதம் முதல் வாரம், எழுதியதைச் சரிபார்க்க வாத்தியார்கள் இன்னொரு நடை வந்தார்கள். அப்பாதுரையும் வந்தார். இடது கையில் துணிக்கட்டுப் போட்டிருந்தார். பின்னால் லட்சுமியம்மாள், தாம்பூலத் தட்டோடு. அன்றைக்கு மில்லுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ராஜாமணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கையில இன்னா சம்பந்தி?" என்றார் கோதண்டபாணி.

"எருமை ஒதைச்சுது" என்றார் அப்பாதுரை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

லட்சுமியம்மாள் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னாள். "மில்லுல நடந்ததெல்லாம் வந்து சொன்னாரு. எனக்கு இன்னா எழுதிக்கீதுன்னு கேட்டேன். வேலை இல்லைன்னாரு. சரி, சர்க்காரே எழுதிட்டப்புறம் நாம மீறலாமான்னு நானும் சும்மா உக்காந்துட்டேன். கறக்கல, கழுவல, தண்ணி காட்டல. நாலு எருமையும் ஊரக் கூட்டுதுங்க. டீக்கடைக்காரங்க வரிசையா வாசல்ல நிக்கறாங்க. இவரு சொம்பத் தூக்கிக்கினு போனாரு. மொத எருமையே ஒதைச்சுடுச்சு. மூணாம் நாளு அந்த வாத்தியாரத் தேடிக்கினு போயி என் சீட்டத் திருத்திட்டு வந்தாரு. பால் வியாபாரம்னு. திருத்தினப்புறந்தான் எருமைகிட்ட போனேன்."

அப்பாதுரை தொண்டையைக் கனைத்தார். "கல்யாணத்துக்கு நான் ஒண்ணும் மறுப்புச் சொல்லலியே."

"நீங்க சொல்லுவீங்க, சொல்லித்தான் பாருங்களேன்" என்றாள் லட்சுமியம்மாள். தட்டை ராஜாமணியிடம் நீட்டினாள். இந்தத் தடவை கை புடவைக்குள் இல்லை.

ராஜாமணி தட்டை வாங்கிக்கொண்டாள். "என் பொண்ணு நாளைக்கு எதனா வேலைக்குப் போறேன்னா?"

"போகட்டும். போனா, மறைக்காம வேலைக்குப் போறான்னே சொல்லுவோம்" என்றாள் லட்சுமியம்மாள்.

உள்ளே கதவுக்குப் பின்னால் கிருஷ்ணவேணியின் வளையல் சத்தம் கேட்டது. ராஜாமணி எண்ணவில்லை.

மில் சங்கு ஊதியது. நல்ல நேரம் பார்த்து நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டும், விருந்து வைக்க வேண்டும், சம்பந்தி வீட்டார் வாசலில் நிற்கிறார்கள். ராஜாமணி கோதண்டபாணியிடம் "நீங்க சும்மாதானே இருக்கீங்க, பாயசம் வையுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மில்லில் அன்றைக்கு இரண்டு லாரி.

"நானும் வர்றேன், எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கறேன்" என்று லட்சுமியம்மாள் கூடவே வந்தாள். களத்தில் வீரம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். லட்சுமியம்மாள் குவியலோரம் சம்மணம் போட்டு, ஒரு கைப்பிடி அள்ளி, ஆசையாகப் பொறுக்க ஆரம்பித்தாள். ராஜாமணி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, சம்பந்தியம்மாள் பொறுக்கி வைத்ததையெல்லாம் திரும்பக் குவியலில் தள்ளினாள்.

"நல்லதத் தூக்கிப் போட்டுட்டு சொத்தைய வச்சுக்கீறீங்களே சம்பந்தியம்மா. இது கறக்கிற கைக்கு வராது. எழுந்து அந்த நெழல்ல உக்காருங்க, டீ சொல்றேன்."